மெஷினுக்குக் கண்ணு குடுத்தவ

அந்த வயரை அப்பறம் மாட்டிக்கலாம் தம்பி, மொதல்ல இப்படி வந்து உக்காருங்க. இன்னைக்கு இந்த ஏரியாவுல மாசாந்தரக் கரண்டு கட்டு. காலையில ஒம்பதுக்கு நிறுத்துனாய்ங்கன்னா ரெண்டு மணிக்குத்தான் விடுவாய்ங்க. நீங்க மெஷினை ஓட விடக் கோயமுத்தூர்லருந்து இம்புட்டுச் சீக்கிரமா வந்து நிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன். சரி, வந்தது வந்துட்டீங்க. டீ குடிங்க. போடிக்கு வந்துட்டு ஏலக்கா டீ குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்? ஏய் சுருளி! தம்பிக்கு ஒரு டீ கொண்டா!

என்ன கேட்டீங்க? மெஷினுக்குள்ள பழசு ஏதோ பதிஞ்சு கெடக்கும், அதை அழிச்சிரலாமான்னா? அழிங்க. நல்லாச் சுத்தமா அழிங்க. அதுல என்ன பதிஞ்சிருக்குன்னு நீங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும். ஏன்னா அதைப் பதிய வச்சதே நாந்தான்.

சொல்லட்டா? யார்ட்டயும் சொல்லிற மாட்டீங்கள்ல? நீங்க வெளியூரு, நாளைக்கு வண்டி ஏறிருவீங்க, அதான் சொல்லலாம்னு பாக்குறேன். மூணு வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு தம்பி. ஒருத்தனைக் கவுத்தா அதை நாலு பேருட்டச் சொல்லித்தான ஆத்திக்கிறணும்? எனக்கு அந்தக் குடுப்பினையும் இல்லாமப் போச்சு.

நான் பொல்லாதவ இல்ல. அதை மொதல்ல மனசுல வச்சுக்கிருங்க.

மார்க்கெட் ரோட்டுல தங்கமலை கடைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அந்தக் கட்டடத்துல பிளாஸ்டிக் சேர் அடுக்கி வச்சிருக்காய்ங்க. மலையில வெளையிற ஏலக்காயை ஏலத்துல எடுத்து, தரம் பிரிச்சு, மூட்டை கட்டி டெல்லிக்கும் கான்பூருக்கும் அனுப்புற கடை. பிரிக்கிறது நாங்க. இருவத்திரெண்டு பொம்பளைக. ஆளுக்கு ஒரு தட்டு. நல்ல காய் இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம். வெடிச்ச காய், பூச்சி குத்துன காய், பிஞ்சுக் காய் எல்லாம் கழிவு. இருவத்தாறு வருசம் நாந்தான் அங்க தலைமை. நான் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மூட்டை வாயைத் தைப்பாய்ங்க.

வெடிச்சது, பூச்சி குத்துனது எல்லாம் யாருக்கும் தெரியும். இந்தப் பிஞ்சு இருக்கு பாருங்க, அதான் வெவகாரம். பிஞ்சு பாக்குறதுக்குப் பச்சைப் பசேல்னு கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும். முத்துன காய் கொஞ்சம் மங்கித்தான் இருக்கும். தெரியாதவன் பிஞ்சைத்தான் நல்ல காயிம்பான். விரல்ல வச்சு அமுக்குனா உள்ள ஒண்ணும் இருக்காது, பொக்குன்னு போகும். மணமும் கெடையாது. கண்ணும் விரலும் சேந்து செய்யிற வேலை அது.

பெரிய முதலாளி தங்கமலை நல்ல மனுசன். அவரை நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். ஆவணியில புதுக்காய் வந்து எறங்குனா, மூட்டைக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, மொதத் தட்டை என் கையாலதான் பிரிக்கச் சொல்லுவாரு. பவுனு கை ராசியான கைம்பாரு. என் பேரு பவுன்தாயி. ஒரு வருசம் எனக்குக் காய்ச்சல்னு வேற ஒருத்தி ஆரம்பிச்சா. அந்த வருசம் காய் வெலை படுத்துருச்சு. அடுத்த வருசத்துலருந்து காய்ச்சல் வந்தாலும் ஆட்டோ அனுப்பித் தூக்கிட்டுப் போயிருவாக. ஏன் சிரிக்கிறீங்க? படிச்சவுகளுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா படிச்சவன் என்ன செஞ்சான்னு கேளுங்க.

முதலாளிக்கு ஒரே மகன், பிரதாப்பு. வெளிய எங்கயோ படிச்சிட்டு வந்து கல்லாவுல உக்காந்தான். வந்த வருசமே இந்த மெஷினை வாங்கிட்டான். இதேதான், இந்தா நிக்குதுல்ல, இதே நீலக் கலரு. இருவத்திரெண்டு பேரு ஒரு நாள்ல பிரிக்கிறதை இது ஒரு மணி நேரத்துல பிரிச்சிருமாம். அப்ப வந்த கம்பெனிக்காரரு கண்ணாடி போட்டவரு, நல்ல பையன். "சார், எங்ககிட்டயே பத்தாயிரம் காயோட படம் இருக்கு, அதை ஏத்துனா மெஷினு தானாப் பிரிக்கும்"னு சொன்னாரு. அத்தோட விட்டிருந்தா அந்தக் கடை இன்னைக்கும் இருக்கும் தம்பி.

விட்டானா? "எங்க கடைத் தரம் வேற, எங்க பவுனக்கா கையால பிரிச்ச காயைத்தான் மெஷினு மொதல்ல பாக்கணும்"னுட்டான். அவுக அம்மா சொல்லிருச்சாம். படிச்சவந்தான், ஆனா கைராசின்னா அவனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் தெளிச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கலாம்னு குனிஞ்சு பாத்தா அதுக்குச் சக்கரமே இல்ல. பழத்தைக் கையில வச்சுக்கிட்டு அந்தம்மா மெஷினைச் சுத்திச் சுத்தி வந்துச்சு.

என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சான். "பவுனக்கா, நீங்க தட்டுத் தட்டா நல்ல காயையும் கழிவையும் தனித்தனியாப் பிரிச்சு வைங்க. மெஷினு படம் புடிச்சுப் படிச்சுக்கிரும். நீங்கதான் அதுக்கு டீச்சரு. மத்தவுகளுக்கு வேலை இல்லாமப் போகும்தான். ஆனா நீங்க சூப்பர்வைசரா இருப்பீங்க. சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டா மட்டும் போதும்"னான்.

எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். இருவத்தாறு வருசமாத் தரையில உக்காந்து முட்டி தேஞ்சவளுக்குச் சேரு. மத்த இருவத்தோரு பேரு என்ன ஆவாளுகன்னு நான் கேக்கல. ஒரு மனுசி எல்லாத்தையுமா கேட்டுக்கிட்டு இருக்க முடியும்?

மூணு நாள் உண்மையாச் சொல்லிக் குடுத்தேன். என் பேரன் பேத்திக்குக்கூட அம்புட்டுப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தது இல்ல. பக்கத்துல உக்காந்து காயை அள்ளி அள்ளித் தட்டுல போட்டது இந்தச் சுருளிதான். உங்களுக்கு டீ கொண்டாரப் போறவ. அவ புருசன் மொக்கராசு அதே கடையில மூட்டை தூக்குனான்.

மூணாம் நாள் மத்தியானம், தட்டு முடிஞ்சிருச்சுன்னு சொல்ல ஆபீஸ் ரூம்புக்குப் போறேன். உள்ள பிரதாப்பு போன்ல பேசிக்கிட்டு இருக்கான். "பவுனக்கா கண்ணு மெஷினுக்குள்ள ஏறிருச்சுன்னா போதும்பா, அப்பறம் அந்தம்மா எதுக்கு? ஆயுத பூசைக்குப் பொரிகடலை குடுக்கயில ஒரு சேலையும் குடுத்து எல்லாரோடயும் அனுப்பிர வேண்டியதுதான்"ங்குறான். சொல்லிட்டுச் சிரிச்சான் தம்பி. அனுப்புறது அவன் இஷ்டம், அவன் கடை. அந்தச் சிரிப்பு எதுக்கு? கண்ணை வாங்கிக்கிட்டு ஆளைத் தொரத்துறதுல என்ன சிரிப்பு கெடக்கு?

கதவுக்கு வெளிய அப்படியே நின்னேன். உள்ள போயி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா என்ன ஆகும்? ஒரு சேலைக்கு ரெண்டு சேலை குடுப்பான். அங்கயே நெனைச்சேன்: இவன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நிக்க வைக்கலேன்னா என் பேரு பவுன்தாயி இல்ல.

டீயா? இங்க வையி சுருளி. தட்டெல்லாம் தயாரா இருக்கா? சரி, போயி உக்காரு. அவளுக வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாக்கச் சொல்லு.

எங்க விட்டேன்? ஆங். மூணு நாள் உண்மையாச் சொல்லிக் குடுத்துட்டனே, அதை என்ன செய்யிறது? ராத்திரி பூராவும் யோசிச்சேன். காலையில போயி, "தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு"ன்னேன். "என்னக்கா"ன்னான். "நாம ஆரம்பிச்சது செவ்வாக்கெழம ஒம்பதரை மணிக்கு. எமகண்டம். எனக்கு மனசே சரியில்ல. ராசிக்குன்னு செஞ்சிட்டு எமகண்டத்துல செஞ்சா என்னத்துக்கு ஆகும்?"னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு. அவுக அம்மாவுக்குப் போன் அடிச்சான். அந்தம்மா காலண்டரைப் பாத்துட்டு அங்கிட்டிருந்து கத்துது. கண்ணாடிக்காரரு, "சார், மூணு நாள் வேலை சார், எமகண்டம் மெஷினுக்கு எப்படி சார் தெரியும்?"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. இவன் ஒரே வார்த்தைதான் சொன்னான். "அழிங்க."

வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்துப் புதுசா ஆரம்பிச்சோம். மொதத் தட்டுலயே பிஞ்சைப் பொறுக்கி நல்ல காய்ப் பக்கம் வச்சேன். முத்துன காயைத் தூக்கிக் கழிவுல போட்டேன். வெடிச்சது, பூச்சி எல்லாம் எப்பவும் போலக் கழிவு, அதுல ஒண்ணும் மாத்தல. சுருளி ஒரு காயை எடுத்து விரல்ல அமுக்கிப் பாத்தா. என்னைப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். அதுக்கப்பறம் அவளே பிஞ்சாப் பாத்துப் பொறுக்கி எனக்கு எடுத்துக் குடுத்தா. கெட்டிக்காரி.

ஒம்பது நாள். எத்தனை தட்டுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பிரதாப்பு வந்து எட்டிப் பாத்துட்டு, "அடேயப்பா, என்ன கலருக்கா! கண்ணைப் பறிக்குது"ன்னான். போட்டோ புடிச்சுப் போன்ல எல்லாருக்கும் அனுப்புனான். பெரிய முதலாளி இருந்திருந்தா ஒரு காயை எடுத்து அமுக்கியிருப்பாரு, அவருக்குத் தெரியும். அவருக்குத்தான் அப்பவே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துருச்சே, வீட்டோட கெடந்தாரு. அப்பறம் மெஷினைச் சோதிச்சுப் பாக்கணும்ல? அது பிரிச்சுத் தள்ளுனதைச் சரியா தப்பான்னு பாத்துச் சொல்ல யாரு? நாந்தான்! வேற யாருக்கு அந்தக் கண்ணு இருக்கு? "ஒரு காய்கூடத் தப்பல தம்பி, என்னைவிட நல்லாப் பிரிக்குது"ன்னேன். கண்ணாடிக்காரரு கையெடுத்துக் கும்புட்டுட்டு வண்டி ஏறிட்டாரு.

ஆயுத பூசையன்னைக்குச் சொன்ன மாதிரியே பொரிகடலை, ஆளுக்கொரு சேலை. மெஷினைச் சுத்தி இருவத்திரெண்டு பேரையும் நிக்க வச்சுப் போட்டோ வேற. பொம்பளைக ஒவ்வொருத்தியும் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறாளுக. சேலை என்ன சேலைங்கிறீங்க? ஒரு தண்ணிக்குத் தாங்கல, சாயம் போயிருச்சு.

அதுக்கப்பறம் நடந்ததைக் கேளுங்க. அந்தக் கடையில ஒரு வழக்கம். கழிவு மூட்டையை யாரும் அவுத்துப் பாக்க மாட்டாக. பெரிய கடைக்காரன் கழிவுல கையை விடக் கூடாதுன்னு தங்கமலை காலத்துலருந்தே வச்சிருந்தாக. பின்வாசல்ல மூட்டையாவே வித்துருவாக. டீக்கடைக்காரன், மிட்டாய்க்காரன் வாங்கிட்டுப் போவான். நான் மொக்கராசு மூலமா அதை வாங்க ஆரம்பிச்சேன். வீட்டுக்குப் பின்னாடி ஆடு கட்டுன கொட்டாயி இருந்துச்சு. இதே எடந்தான், இப்ப ஷீட்டு போட்டு நல்லா வச்சிருக்கேன். சுருளி, இன்னும் எட்டுப் பேரு, எல்லாம் அந்தக் கடையிலருந்து தொரத்துனவளுக, வந்து உக்காந்து மறுபடி பிரிச்சாளுக. மூட்டையைக் கொட்டுனா, ஐயோ தம்பி, அந்த மணம்! மலையில வெளைஞ்ச முத்துன காய் பூராவும் என் கொட்டாயில. பிஞ்சு பூராவும் அவன் பேரு போட்ட மூட்டையில டெல்லிக்குப் போகுது.

மொத ரெண்டு லோடுக்கு டெல்லிக்காரன் கலரைப் பாத்துப் பாராட்டிப்புட்டான். பிரதாப்பு தரையில நடக்கல. மூணாவது மாசம் ஆரம்பிச்சுச்சு. "காயில மணமே இல்ல, இடிச்சா உமியாட்டம் இருக்கு"ன்னு லோடைத் திருப்பி அனுப்பிட்டான். அப்பறம் கான்பூர்க்காரன். அப்பறம் எவனும் போனை எடுக்கல. நாப்பது வருசப் பேரு ரெண்டே வருசத்துல காலி.

அவன் சந்தேகப்படாத ஆளு இல்ல. கழிவு கூடிப்போச்சு, தோட்டக்காரன் ஏமாத்திட்டான்னான். ஏலத்துல மோசம்னான். கண்ணாடிக்காரரை மூணு தடவை வரச் சொன்னான். அவரு பாத்துட்டு, "சார், சொல்லிக் குடுத்ததை மெஷினு அப்படியே செய்யுது, ஒரு குறையும் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சரியாத்தான் சொன்னாரு. கடைசியில மூட்டை தூக்குறவுகதான் வழியில காயை மாத்துறாய்ங்கன்னு மொக்கராசைப் போலீசுல புடிச்சுக் குடுத்துட்டான். ஒரு பகல் ஒரு ராத்திரி வச்சிருந்தாய்ங்க. சுருளி இதே வாசல்ல வந்து விழுந்து அழுதா. "அக்கா, உண்மையைச் சொல்லிருங்கக்கா, அவரை விட்ருவாக"ன்னா. நான் என்ன செய்ய முடியும் தம்பி? நாந்தான் செஞ்சேன்னு போயி நிக்க முடியுமா? அப்பறம் அவன் சிரிச்ச சிரிப்புக்கு என்ன பதிலு? "பொறுத்துக்கடி, அவன் அழியப் போறான்"னேன். எந்திரிச்சுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போயிட்டா. மறுநாளே வேலைக்கு வந்துட்டா. மொக்கராசுக்கு எடது காது இப்பவும் சரியாக் கேக்காது. நான் ஒண்ணும் விட்டுறல, தீவாளிக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேன்.

பெரிய முதலாளி கடையைப் பூட்டுன மறுமாசம் போயிட்டாரு. நான் மாலை வாங்கிட்டுப் போயிப் போட்டேன். நல்ல மனுசன்.

அப்பறம் அந்த நாளு வந்துச்சு. போன மாசம் பத்தாந்தேதி. மத்தியானம் நான் சாப்புட உக்காந்திருக்கேன். வாசல்ல, "பவுனக்கா"ன்னு சத்தம். குரலு தெரிஞ்சுபோச்சு. எந்திரிக்கல. மறுசோறு வாங்குனேன். ரசம் ஊத்தி ஒரு தடவை, மோரு ஊத்தி ஒரு தடவை. அப்பளத்தை ஒண்ணொண்ணா ஒடிச்சுத் தின்னேன். வெளிய நல்ல வெயிலு. என் மருமக, "அத்தை, பாவம், உள்ள வரச் சொல்லட்டா"ன்னா. "வாயை மூடு"ன்னேன். கையைக் கழுவி, சேலையில தொடைச்சுக்கிட்டு, மெதுவாத்தான் வெளிய வந்தேன்.

நிக்கிறான் தம்பி. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நான் என்ன நெனைச்சனோ அதே மாதிரி. வயிறெல்லாம் குளுந்துச்சு.

மெஷினை விக்க வந்திருக்கான். ஊருக்குள்ள எவனும் வாங்க மாட்டேனுட்டாய்ங்க, ராசி கெட்ட மெஷினுன்னு. "அக்கா, நீங்க இப்பச் சொந்தமாச் செய்யிறதாக் கேள்விப்பட்டேன். நீங்களாவது எடுத்துக்கிருங்க"ங்குறான். சொல்லிட்டு அழுகுறான். "ஒங்க கையை விட்டதுதான்க்கா நான் செஞ்ச தப்பு. நீங்க போனீங்க, ராசியும் ஒங்க கூடவே போயிருச்சு"ங்குறான்.

ராசியாம்! கேட்டீங்களா? எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஏண்டா, ராசி இல்லடா, நாண்டா! நான் உக்காந்து ஒம்பது நாள் தட்டுத் தட்டாப் பிரிச்சு ஒன் கடையை மூடுனேண்டா! தொண்டை வரைக்கும் வந்துருச்சு. சொல்ல முடியுமா? சொன்னா மொக்கராசை வச்ச எடத்துல என்னையும் வப்பாய்ங்க. முழுங்கிட்டேன். அவன் பாட்டுக்கு என்னைக் கும்புட்டுட்டுப் போறான். என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறான் தம்பி. நெஞ்சு ஆறவே இல்ல. அடிச்சது யாருன்னே தெரியாம விழுந்தவனை என்ன செய்யிறது? அதான் உங்ககிட்டக் கொட்டுறேன்.

பழைய இரும்பு வெலைக்குத்தான் எடுத்தேன். அதுவும் அவனே ஆளைப் புடிச்சு ஏத்தி, எறக்கிக் குடுத்துட்டுப் போகணும்னு சொல்லி.

இப்ப எதுக்கு எனக்கு மெஷினுன்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க. இந்தப் பொம்பளைகளை வச்சு மேய்க்க முடியல தம்பி. அவுக கடையில இருக்கயில பொட்டிப் பாம்பா இருந்தவளுக, இங்க வந்து நாக்கு நீண்டுபோச்சு. அங்க குடுத்த கூலியைக் குடுங்கங்குறாளுக. அவன் பெரிய கடை, நான் கொட்டாயி, ரெண்டும் ஒண்ணா? செல்போனை வாசல்லயே வாங்கி வச்சிருவேன், அதுக்கு ஒரு மொணங்கல். ஒண்ணுக்குப் போக ரெண்டு நேரந்தான்னு சொன்னேன், அதுக்கு ஒரு மொணங்கல். தெருவுல நின்னவளுகளை உக்கார வச்சுச் சோறு போட்டவ நானு. "முதலாளியம்மா, முதலாளியம்மா"ன்னு மூச்சுக்கு மூச்சு மரியாதையாக் கூப்புடுறாளுக, ஆனா சொன்ன பேச்சைக் கேக்குறதில்ல.

இதுக்கு மேல ஏலத்துலயே நேராக் காய் எடுக்கப் போறேன். மெஷினு ஓடுச்சுன்னா ஒரு மூட்டை பத்து மூட்டையாகும். டெல்லிக்காரன் நம்பரு எங்கிட்ட இருக்கு. பேசிட்டேன். மொத லோடு வர்ற வெள்ளிக்கெழம. வீட்டுப் பத்திரத்தை வச்சுத்தான் காய் எடுக்குறேன், இதுல ஒரு காய் தப்பக் கூடாது, பாத்துக்கிருங்க.

தட்டா? அந்தா வரிசையா வச்சிருக்கு பாருங்க, துணி போட்டு மூடி. இடது பக்கம் பூராவும் நல்ல காய், வலது பக்கம் பூராவும் கழிவு. நாப்பது தட்டு. சுருளிதான் மூணு நாளா உக்காந்து பிரிச்சா. நான் பிரிக்கல. எனக்குக் கண்ணுல புரை விழுந்துருச்சு தம்பி, இப்ப எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரியுது. அமுக்கிப் பாக்கலாமேங்கிறீங்களா? நான் தட்டுல கை வச்சு மூணு வருசமாச்சு. நானும் கை வச்சுக்கிட்டு இருந்தா அவளுகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சுருளி கை நல்ல கை. நான் பாத்துப் பழக்குன கை. "நீ மட்டும் இருடி, ஒன்னைச் சூப்பர்வைசராப் போட்டுக்கிறேன்"னு சொல்லியிருக்கேன். "மத்தவளுக?"ன்னு கேட்டா. "அதைப் பத்தி ஒனக்கென்ன?"ன்னேன். "சரிங்க முதலாளியம்மா"ன்னுட்டா. ஒரு மாசம் ரெண்டு மாசம் பாக்கணும். அப்பறம் அவ எதுக்கு? மெஷினே பாத்துக்கிரும்ல? நீங்கதான சொன்னீங்க.

இந்தா, லைட்டு எரியுது. கரண்டு விட்டுட்டாய்ங்க. பரவாயில்ல, இன்னைக்குச் சீக்கிரமா விட்டுட்டாய்ங்க. எந்திரிங்க தம்பி, மொதல்ல பழசை அழிங்க.

அழிஞ்சிருச்சா? அம்புட்டுத்தானா? ஒரு பட்டனுதானா?

ஏன் யோசிக்கிறீங்க? சுருளிகிட்ட ஒரு தடவை கேட்டுட்டுப் படம் புடிக்கலாமா? எதுக்கு? என்னத்தக் கேக்கணும்? அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? நீங்க சின்னப் பையன், மனுசங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? துணியை எடுங்க. மொதத் தட்டை வைங்க.

அது என்ன சத்தம் வெளிய? சிரிக்கிறாளுகளா? பாருங்க தம்பி, திங்கக்கெழமையிலருந்து யாரும் வர வேணாம்னு இன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். ஒருத்தி அழுகல, ஒருத்தி ஏன்னு கேக்கல. இப்பக் கூட்டமா உக்காந்து சிரிக்கிறாளுக. எல்லாத்துலயும் பெரிய சத்தம் சுருளியோடது. மொக்கராசு காதுக்கே கேக்கும் போல. அவளுக்கு வேலை இருக்கு, சிரிக்கிறா. வேலை போனவளுகளுக்கு என்ன வந்துச்சு சிரிப்பு? கூறுகெட்ட சென்மங்க. நீங்க அதைக் காதுல வாங்காதீங்க தம்பி. வைங்க, அடுத்த தட்டை வைங்க.